சன் சிட்டி அரண்மனை ஹோட்டல்: இரண்டு இரவு தங்க வேண்டுமா?

நொய்யல்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்காக மே மாதம் தென்னாப்பிரிக்கா போகிறோம். அப்பா, அம்மா, நான், வீட்டுக்காரர், ஒன்பது வயதுப் பையன், ஆக ஐந்து பேர். கேப் டவுனில் நான்கு நாள், அப்புறம் ஜோகன்னஸ்பர்க் பக்கம் மூன்று இரவு. அங்கே சன் சிட்டியில் இருக்கும் 'பேலஸ் ஆஃப் தி லாஸ்ட் சிட்டி' ஹோட்டலில் இரண்டு இரவு போட்டிருக்கிறார் டிராவல்ஸ்காரர். அவர் அனுப்பிய தாளில் "பழங்கால ஆப்பிரிக்க அரசனின் அரண்மனை, அடர்ந்த காட்டின் நடுவில், அறையிலிருந்தே யானை பார்க்கலாம்" என்று இருக்கிறது. வாடகையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

அப்பாவுக்கு அரண்மனை என்றால் கொள்ளை ஆசை. மைசூர், பத்மநாபபுரம், திருமலை நாயக்கர் மகால் என்று ஒன்றையும் விட்டதில்லை. அம்மா சுத்த சைவம், முழங்கால் வலியும் உண்டு. பையனுக்குச் சிங்கம் பார்த்தால் போதும். அங்கே போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், இந்தப் பணம் தகுமா?

ஜோபர்க் வாசி:

சகோதரி, முதலில் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். நான் ஜோகன்னஸ்பர்க்கில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் சன் சிட்டிக்கு அழைத்துப் போவது என் தலையில்தான் விழும். எத்தனை தடவை போனேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அங்கே எந்த அரசனும் வாழ்ந்ததில்லை. அந்த ஹோட்டல் திறந்தது 1992 டிசம்பரில். உங்கள் வீட்டுக்காரரைவிட அந்த அரண்மனைக்கு வயது குறைவாகத்தான் இருக்கும். "வடக்கிலிருந்து வந்த ஒரு நாகரிகம் இங்கே நகரம் கட்டி வாழ்ந்தது, நிலநடுக்கத்தில் அழிந்தது, பிறகு கண்டெடுத்தோம்" என்பதெல்லாம் ஹோட்டலுக்காக உட்கார்ந்து எழுதிய கதை. அந்தக் கதைக்கு ஏற்ற மாதிரி சுவரில் விரிசலும் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். சுற்றியிருக்கும் தோட்டமும் அப்படித்தான். வளர்ந்த பெருக்க மரங்களை (பாவோபாப்) வேரோடு கொண்டுவந்து நட்டார்கள்.

கட்டியவர் சோல் கெர்ஸ்னர். துபாயில் பனைமரத் தீவின் நுனியில் அட்லாண்டிஸ் ஹோட்டல் இருக்கிறதே, அதுவும் அவர் கைவண்ணம்தான். தொலைந்துபோன நகரம் என்றால் அந்த மனிதருக்கு ஏனோ அப்படி ஒரு பிடிப்பு. 2020இல் காலமாகிவிட்டார்.

அடுத்தது காடு. ஹோட்டல் காட்டின் நடுவில் இல்லை. சன் சிட்டி ஒரு பெரிய வளாகம். நான்கு ஹோட்டல், சூதாட்ட விடுதி, இரண்டு கோல்ஃப் மைதானம், செயற்கை அலை வரும் குளம் எல்லாம் அதற்குள். பிலானஸ்பர்க் தேசியப் பூங்கா அதை ஒட்டி இருக்கிறது, ஆனால் நடுவே வேலி உண்டு. அறையிலிருந்து யானை தெரியும் என்றால் அது கல் யானை. நிறையவே இருக்கின்றன. குரங்கு மட்டும் நிஜம். பால்கனிக் கதவைத் திறந்து போட்டால் பிஸ்கட் பாக்கெட்டோடு போய்விடும்.

சிங்கைச் சின்னக்கா:

ஜோபர்க் வாசி அண்ணா கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டார். நாங்கள் போன வருடம் அங்கே இரண்டு இரவு தங்கினோம். பொய் அரண்மனை என்று எங்களுக்கும் தெரியும். தெரிந்தே போனோம். லாபியில் நுழைந்ததும் கழுத்து வலிக்கும் உயரத்தில் ஒரு கூரை, அதன் உட்புறம் முழுக்கக் காட்டு விலங்குகளின் ஓவியம். என் பெண்கள் தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் சிவிங்கிப்புலிகள் மானைத் துரத்தும் வெண்கலச் சிலைகள், உள்ளே நீளத் தந்தத்தோடு ஷாவு என்கிற யானையின் சிலை. அந்த ஷாவு கதையில் வருவது இல்லை, க்ரூகர் காட்டில் உண்மையாகவே வாழ்ந்த யானை.

'காலப் பாலம்' என்று ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் யானைச் சிலைகள். அவ்வப்போது உறுமல் சத்தம் எழும்பி, புகை வந்து, பாலமே நடுங்கும். நிலநடுக்கமாம். சின்னவள் என் கையை நசுக்கிவிட்டாள்.

நொய்யல், ஒரு விஷயம். அலைக் குளத்தை நம்பி மே மாதம் போகாதீர்கள். அங்கே அது குளிர்காலத் தொடக்கம். பகலில் வெயில் அடிக்கும், தண்ணீர் ஐஸ்தான்.

பழைய பாஸ்போர்ட்:

என் முதல் பாஸ்போர்ட் இன்னும் பீரோவில் இருக்கிறது. தென்னாப்பிரிக்கா செல்ல இது செல்லாது என்று அதில் அச்சடித்திருக்கும். நிறவெறி அரசோடு 1946லேயே வணிகத்தை முறித்துக்கொண்ட நாடு நம்முடையது. தூதரக உறவு திரும்ப வந்தது 1993இல்தான். அந்தக் காலத்து ஆள் நான். சன் சிட்டி என்ற பெயரைக் கேட்டால் எனக்கு அலைக் குளம் ஞாபகம் வராது.

1979இல் அதைக் கட்டிய இடம் அப்போது பொபுத்தட்ஸ்வானா. கறுப்பர்களைச் சொந்த நாட்டிலேயே அந்நியராக்க, துண்டு துண்டாக நிலத்தைக் கொடுத்து 1977இல் அதற்குச் 'சுதந்திரம்' கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவையும் அதே மாதிரி உருவாக்கிய மற்றச் சில பொம்மை நாடுகளையும் தவிர வேறு யாரும் அதை நாடாக ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் சூதாட்டத்துக்குத் தடை, 'பக்கத்து நாட்டில்' தடை இல்லை. வெள்ளையர்கள் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்து ஆடிவிட்டுப் போனார்கள். ஃபிராங்க் சினாட்ரா 1981இல் அங்கே பாடினார், 'குயின்' என்ற ஆங்கிலேய இசைக்குழு 1984இல் போனது. ஐ.நா. புறக்கணிக்கச் சொல்லியும் பணத்துக்காகப் போனவர்கள். 1985இல் இசைக்கலைஞர்கள் பலர் ஒன்றுசேர்ந்து, அங்கே பாட மாட்டோம் என்றே ஒரு பாட்டு வெளியிட்டார்கள்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை அம்மா. காசு கொடுத்துப் படுக்கிற இடத்தின் கதையைத் தெரிந்துகொண்டு படுங்கள், அவ்வளவுதான்.

ஜோபர்க் வாசி:

சார் சொல்வதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. ஆனாலும் இந்தப் பக்கத்தையும் கேளுங்கள். லெனேசியாவில் எனக்கு வேண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். நான்காம் தலைமுறைத் தமிழர், தமிழ் புரியும், பேச வராது. லெனேசியாவே இந்தியர்களை நகரத்திலிருந்து வெளியே தள்ள உருவாக்கிய ஊர். சன் சிட்டியில் நிறம் பார்த்துப் பிரிக்க மாட்டார்கள் என்பதால் 80களில் அவர்கள் குடும்பத்தோடு அங்கே போவார்களாம். வெள்ளைக்காரர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது வாழ்க்கையிலேயே அங்கேதான் முதல்முறை என்று சொல்வார். பெருமையாகச் சொல்கிறாரா, கசப்பாகச் சொல்கிறாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இன்னொரு துணுக்கு: 1994இல் ஐஸ்வர்யா ராய் உலக அழகியாக முடிசூடியது சன் சிட்டியில்தான். மண்டேலா ஜனாதிபதியாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பொபுத்தட்ஸ்வானாவும் அந்த வருடம்தான் தென்னாப்பிரிக்காவோடு திரும்பச் சேர்ந்தது.

கல்லுளிமங்கன்:

எல்லோரும் 1992, 1979 என்று சண்டை போடுகிறீர்கள். நான் கொஞ்சம் பின்னால் போகிறேன், நூறு கோடி வருடத்துக்கும் மேல். (புவியியல் வாத்தியார், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பிலானஸ்பர்க்கை வானத்திலிருந்து எடுத்த படத்தில் பாருங்கள். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிய மாதிரி வளையத்துக்குள் வளையமாக மலைகள். அது ஒரு செத்த எரிமலை. இன்னும் சரியாகச் சொன்னால் எரிமலையின் அடிவேர். மேலே இருந்த மலையெல்லாம் கரைந்து போய், கீழே எரிமலைக் குழம்பு ஏறி வந்து உறைந்த பாதைகள்தான் வளையமாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. இந்த வகைப் பாறை வளையங்களில் உலகிலேயே பெரியவற்றுள் இது ஒன்று. நடுவில் மான்க்வே என்ற ஏரி தெரியும். பல பயணக் கட்டுரைகளில் அதை எரிமலை வாய் ஏரி என்று எழுதுகிறார்கள், தவறு. அது மனிதன் கட்டிய அணை.

பொய்யான நிலநடுக்கத்துக்குப் புகை விட்டு ஆட்டம் காட்டுகிற பாலத்துக்குப் பக்கத்திலேயே நிஜ எரிமலை கிடக்கிறது, ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு இதில்தான் வயிற்றெரிச்சல்.

டாப்ஸ்லிப் தாசன்:

அரண்மனை பொய் என்றீர்கள். நான் ஒரு படி மேலே போய், அந்தக் காடும் கட்டியதுதான் என்கிறேன்.

70களில் அங்கே இருந்தவை பழைய பண்ணைகளும் மேய்ச்சல் நிலமும்தான். பக்கட்லா மக்கள் அங்கே மாடு மேய்த்து வாழ்ந்தார்கள், பூங்காவுக்காக அவர்களை வெளியேற்றினார்கள். பண்ணை வீடுகளை இடித்து, கம்பி வேலிகளைப் பிடுங்கி, சுற்றிலும் புது வேலி போட்டு, 'ஆபரேஷன் ஜெனசிஸ்' என்று பெயர் வைத்து ஆறாயிரம் விலங்குகள் அளவுக்கு லாரியில் கொண்டுவந்து விட்டார்கள். பூங்கா திறந்தது 1979. சன் சிட்டி திறந்த அதே வருடம்! சிங்கம் வந்தது 1993இல், நமீபியாவின் எட்டோஷாவிலிருந்து. ஆக அந்தக் காட்டின் சிங்கங்களைவிட அரண்மனை மூத்தது.

ஆனால் அரண்மனையைக் கட்டி முடித்தால் வேலை முடிந்தது, காடு அப்படி இல்லை. அங்கே நடந்த யானைக் கதையைக் கேளுங்கள்.

க்ரூகரில் யானைகள் பெருகிவிட்டன என்று சுட்டுக் குறைத்த காலம். பெரிய யானைகளைச் சுட்டார்கள், குட்டிகளை மட்டும் விட்டுவைத்துப் பிலானஸ்பர்க்குக்கு அனுப்பினார்கள். வளர்ந்த யானையை ஏற்ற அப்போது வண்டி வசதி கிடையாது. தாயும் மூத்தோரும் இல்லாமல் அந்தக் குட்டிகள் வளர்ந்தன. 90களில் காட்டில் வெள்ளைக் காண்டாமிருகங்கள் செத்துக் கிடக்க ஆரம்பித்தன. கொம்பு அப்படியே இருந்தது, அதனால் வேட்டைக்காரன் இல்லை. பார்த்தால் இந்த இளம் ஆண் யானைகள்தான் குத்திக் கொன்றிருக்கின்றன. 1992 முதல் 1997 வரை நாற்பதுக்கு மேல்.

டாப்ஸ்லிப் பக்கம் கோழிகமுத்தி முகாமில் பாகன்களிடம் கேளுங்கள், மஸ்து (மதம்) எந்த வயதில் வரும், எத்தனை நாள் நிற்கும் என்று விரல்விட்டுச் சொல்வார்கள். பிலானஸ்பர்க்கில் அந்தக் கணக்கே தப்பியிருந்தது. வர வேண்டிய வயதுக்கு முன்பே மதம் பிடித்தது, பிடித்தது மாதக் கணக்கில் இறங்காமல் நின்றது. 1998இல் க்ரூகரிலிருந்து ஆறு பெரிய ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நம் ஊர்க் கும்கி மாதிரி முட்டித் தள்ளி அடக்க இல்லை. பெரியவர்கள் காட்டில் நடமாடினார்கள், அவ்வளவுதான். இளசுகளின் மதம் இறங்கியது, காண்டாமிருகக் கொலை நின்றது. பெரிய ஆண் எதிரில் நின்றால் சின்னவனின் மதம் அடங்கிவிடும், கொண்டுவந்து விட்டவர்கள் நம்பியது அதைத்தான்.

நொய்யல், உங்கள் பையனிடம் இந்தக் கதையைச் சொல்லி அழைத்துப் போங்கள். தாத்தாவையும் கூட வைத்துக்கொண்டு சொல்லுங்கள், இன்னும் பொருத்தமாக இருக்கும்.

நொய்யல்:

தாசன் அண்ணா, படித்ததும் அப்பாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "ஆறு ரிட்டயர்டு ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து சரி பண்ணியிருக்காங்க" என்று ஒரே சிரிப்பு. (அப்பா பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

பழைய பாஸ்போர்ட் சார், நீங்கள் எழுதியதையும் வாசித்தேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை.

இப்போது குழப்பம் கூடிவிட்டது. அரண்மனையை வெட்டிவிட்டுக் காட்டு லாட்ஜில் மூன்று இரவும் தங்கிவிடலாமா?

ஜோபர்க் வாசி:

வெட்ட வேண்டாம். ஒரு இரவு அரண்மனை, இரண்டு இரவு காட்டை ஒட்டிய லாட்ஜ். நான் எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன். அரண்மனையை நல்ல சினிமா செட் மாதிரி நினைத்து ஒரு நாள் சுற்றினால் அலுக்காது. இரண்டாம் நாள் அதே யானைச் சிலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்துக்குக் காட்டில் இருக்கலாம். பகுபங் வாசல், க்வா மரிட்டானே வாசல் இரண்டு பக்கமும் பூங்கா எல்லையிலேயே லாட்ஜ்கள் இருக்கின்றன, சன் சிட்டியிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான்.

மே மாதம் காட்டுக்கு நல்ல மாதம். மழை நின்று புல் காய்ந்துவிடும், விலங்குகள் தண்ணீருக்கு வந்தே ஆக வேண்டும். பிலானஸ்பர்க்கில் மலேரியா கிடையாது, அம்மா அப்பாவுக்கு மாத்திரை தேவையில்லை. ஆனால் காலை சஃபாரி இருட்டோடு கிளம்பும், திறந்த வண்டி, எலும்பு வரை குளிர் இறங்கும். குல்லா, கம்பளி, கையுறை எல்லாம் வேண்டும். "கோயம்புத்தூர் குளிரைப் பார்த்தவர்கள் நாங்கள்" என்று சொன்ன விருந்தாளிகளை நடுங்க நடுங்கத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறேன். சஃபாரி வண்டியில் ஏற உயரமான படி, அம்மாவை முன்வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சொந்தக் காரிலேயே பூங்காவுக்குள் ஓட்டலாம், நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான். கண்ட இடத்தில் இறங்கக் கூடாது, அனுமதித்த இடங்களில் மட்டும். உள்ளே ஒரு பழைய மாஜிஸ்திரேட் கோர்ட் கட்டடத்தை உணவகமாக்கியிருக்கிறார்கள். திண்ணையில் காபியோடு உட்கார்ந்தால் எதிரே தண்ணீர்க் குட்டை, வரிக்குதிரை தானாக வரும். அம்மாவுக்கு அதுதான் சரியான சஃபாரி.

சாப்பாடு பயப்பட வேண்டாம். பாப் என்று மக்காச்சோள மாவில் கிண்டுவார்கள், நம் களிதான். கூடவே சக்கலக்கா என்று பீன்ஸ், கேரட், மிளகாய் போட்ட காரத் தொக்கு. பிராய் என்றால் மட்டும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், அது முழுக்கச் சுட்ட இறைச்சி. ஜோகன்னஸ்பர்க் திரும்பும்போது கல்யாண நாளுக்கு மெல்ரோஸ் சிவ சுப்பிரமணியர் கோயிலில் அர்ச்சனை செய்யலாம். அப்பாவுக்கு விருப்பம் என்றால் பிராம்ஃபான்டைன் மயானத்தில் தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறைக்கும் அழைத்துப் போகிறேன்.

சிங்கைச் சின்னக்கா:

ஒரே ஒரு இரவு என்றால் காலையிலேயே போய்ப் பையை ஒப்படைத்துவிட்டுச் சுற்ற ஆரம்பியுங்கள். அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும். கோல்ஃப் மைதானத்தில் பதின்மூன்றாவது குழிக்கு முன்னால் நிஜ முதலைக் குட்டை இருக்கிறது, பையனுக்குப் பிடிக்கும். பந்து உள்ளே விழுந்தால் யாரும் எடுக்கப் போவதில்லை.

நொய்யல்:

போய் வந்தாயிற்று! மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கூடவே வந்த ஜோபர்க் வாசி அண்ணாவுக்கும், டப்பாவில் புளியோதரை கட்டிக் கொடுத்த அண்ணிக்கும் அம்மா நன்றி சொல்லச் சொன்னார்.

டிராவல்ஸ்காரர் கடைசி வரை இழுத்தடித்தார். ஒரு இரவைக் குறைத்ததற்குப் பிடித்தம் போக மீதிதான் திரும்ப வந்தது. போகட்டும்.

காட்டில் சிங்கம் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். புதருக்கு வெளியே நான்கு கால் மட்டும் நீட்டிக்கொண்டு தூங்கியது. முகத்தைக் காட்டவே இல்லை. யானை அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. ஒற்றை ஆண், பெரியது, சாலை நடுவில் எங்களைப் பார்த்து நடந்து வந்தது. வண்டிக்காரர் ஒன்றும் பேசாமல் பின்னாலேயே ஓட்டினார், கால் மணி நேரம் ரிவர்ஸ். "அந்த ஆறு பேர்ல ஒருத்தரா?" என்று பையன் கேட்டான். இருக்காது, வயது ஒத்து வராது என்று அவர் சிரித்தார்.

காண்டாமிருகம் மூன்று. மூன்றுக்கும் கொம்பு இல்லை, மூக்கு மேல் மொட்டையாக ஒரு தடம். வேட்டைக்காரர்களுக்குப் பயந்து வனத்துறையே மயக்க ஊசி போட்டு அறுத்து விடுகிறதாம், நகம் மாதிரி திரும்ப வளருமாம். பையன் அன்று சாயங்காலம் வரை அதைப் பற்றியே பேசினான். கல்லுளிமங்கன் சார், லெனொங் மேட்டில் வண்டியிலிருந்து இறங்கி நின்று உங்கள் வெங்காய வளையத்தைப் பார்த்தோம். ஒரு பக்க வளைவு நன்றாகத் தெரிகிறது.

அரண்மனை? அம்மா நடுங்குகிற பாலத்தில் ஒரு தடவை ஏறிவிட்டு, இனி வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். அப்பாதான் ஆச்சரியம். பொய் என்று தெரிந்தால் முகம் வாடிவிடும் என்று பயந்தேன். மனிதர் போய் இறங்கியதுமே தூணை முட்டியால் தட்டிப் பார்த்து "கான்கிரீட்" என்றார். அப்புறம் ஒரு நாள் முழுக்க அவரைப் பிடிக்க முடியவில்லை. அச்சு வார்த்த இணைப்பு எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியாத இடங்களில் "பய கெட்டிக்காரன்" என்று பாராட்டினார். நிலநடுக்க விரிசல் என்று விட்டிருக்கிறார்களே, அதற்குள் மழைத் தண்ணீர் நிற்காமல் ஓட வாட்டம் கொடுத்திருக்கிறார்களாம். கைபேசியில் விரிசல் படம் மட்டும் அறுபதுக்கு மேல் இருக்கிறது. கல்யாண நாள் படத்தில் அம்மா தனியாகத்தான் நிற்கிறார்.

பழைய பாஸ்போர்ட்:

அந்த விரிசல் படங்களில் ஒன்றிரண்டு இங்கே போடுங்கள் அம்மா. அப்புறம், அப்பா எந்தக் கோட்டத்தில் இருந்தார்? நானும் பொதுப்பணித்துறைதான். பவானிசாகர் பக்கம் ஐந்து வருடம் இருந்திருக்கிறேன்.

நொய்யல்:

சார், நிஜமாகவா! அப்பாவும் பவானிசாகரில் இருந்தார். தனிமடலில் எண் அனுப்புங்கள், இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.